டிஎஸ்எச் குறைவா இருந்தா நல்லதுதானே?

எங்கள் வீட்டில் இரண்டு தைராய்டு கேஸ். ஒன்று அத்தை, இன்னொன்று நான். அத்தையின் டிஎஸ்எச் ஒரு சமயம் 12 வரை போனது. என்னுடையது 0.01-க்கும் கீழே. ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த அத்தை, "எனக்குப் பன்னெண்டு இருக்கும்போதே நான் வேலைக்குப் போயிட்டு வந்தேன். உனக்கு ஒண்ணுகூட இல்லையேடி, இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு என்று எதை எடுத்தாலும் எண் ஏறினால்தான் பயப்பட வேண்டும் என்று பழகிவிட்டோம். தைராய்டு என்று தமிழில் தேடினாலும் கிடைப்பது பெரும்பாலும் உடம்பு போடுவது, சோம்பல், குளிர் தாங்காமை... அதாவது அத்தையின் கதை. என் கட்சிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் பி.காம். அதனால் எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். கழுத்தின் முன்பக்கம் இருக்கும் தைராய்டு ஒரு ஃபேக்டரி. சரக்கு இரண்டு வகை, டி4, டி3. (நான்கு அயோடின் அணு இருந்தால் டி4, மூன்று இருந்தால் டி3. பெயர்க்காரணம் அவ்வளவுதான்.) மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஹெட் ஆபீஸ். அங்கிருந்து ஃபேக்டரிக்கு வரும் ஆர்டர்தான் டிஎஸ்எச். ஆக, அது தைராய்டு தயாரிக்கும் பொருளே இல்லை! ரத்தத்தில் சரக்கு குறைந்தால் ஹெட் ஆபீஸ் ஆர்டர் மேல் ஆர்டர் போடும், அத்தையின் 12 அது. சரக்கு வழிந்தால் ஆர்டரை நிறுத்திவிடும், என் 0.01 அது. நார்மல் என்று லேபுகள் போடுவது சுமாராக 0.4 முதல் 4 வரை. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும் என்பதால் நம் ரிப்போர்ட்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஆர்டரே வராதபோது ஃபேக்டரி எப்படி ஓடுகிறது? என் விஷயத்தில் கள்ள ஆர்டர். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே ஒரு ஆன்டிபாடியைத் தயாரித்து, அது டிஎஸ்எச் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்து "ஓட்டு, ஓட்டு" என்கிறது. கிரேவ்ஸ் நோய் என்று பெயர். 1835-ல் இதைப் பற்றி எழுதிய அயர்லாந்து டாக்டர் ராபர்ட் கிரேவ்ஸின் பெயர் அது. அந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்க டிராப் என்று தனி டெஸ்ட் உண்டு. டிஎஸ்எச் குறைய வேறு காரணங்களும் இருக்கின்றன. தைராய்டில் ஒரு கட்டி தன்னிச்சையாகச் சுரக்கலாம். அல்லது சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்த சரக்கு கசியலாம். கசிவுக்கு உற்பத்தியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துப் பயனில்லை. அதனால் டிஎஸ்எச் ஒன்றை மட்டும் பார்த்து மருந்து கேட்காதீர்கள்.

அறிகுறிகளை நீட்டி முழக்கப் போவதில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 110-ஐத் தாண்டும். இரண்டு ரவுண்டு சாப்பிட்டும் ஏழு கிலோ இறங்கியது. தெருவில் எல்லோரும் "ஸ்லிம் ஆயிட்டியே" என்று பாராட்டினார்கள். கை நடுங்கி லெட்ஜர் கோடுகள் அலை அலையாக வந்தன. இமை மேலே ஏறிக்கொண்டதில், யாரைப் பார்த்தாலும் முறைக்கிற மாதிரி இருந்ததாம்.

கார்பிமசோல் ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்தான் வீட்டில் பெரிய பிரச்சினையைக் கிளப்பியது. நடுக்கம் போய்விட்டது, தூக்கம் வருகிறது, ஃப்ரீ டி4 நார்மலுக்குள் வந்துவிட்டது. ஆனால் டிஎஸ்எச் அதே 0.01-க்குக் கீழ், பக்கத்தில் அதே நட்சத்திரக் குறி. "ரெண்டு மாசமா மாத்திரை போட்டும் இம்மி அசையலையே, நிறுத்திட்டு வேற வைத்தியம் பார்க்கலாம்" என்று அப்பா முடிவே செய்துவிட்டார். டாக்டரைப் பார்க்காமல் நிறுத்த மாட்டேன் என்று நான் பிடிவாதம் பிடித்ததில் இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சுவார்த்தை இல்லை.

டாக்டர் டிஎஸ்எச் வரியைத் தாண்டிப் போய் ஃப்ரீ டி4-ஐப் பேனாவால் வட்டமிட்டார். விஷயம் இதுதான். மாத்திரை புது உற்பத்தியைத்தான் தடுக்கும், கோடவுனில் இருக்கும் பழைய சரக்கைத் தொடாது. தைராய்டு பல வாரங்களுக்கான சரக்கைச் சேர்த்து வைத்திருக்கும். வெளியே வந்த டி4-ம் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். அதெல்லாம் தீர்ந்து டி4 இறங்கின பிறகும், மாதக்கணக்காக ஆர்டர் போடாமல் தூங்கிய ஹெட் ஆபீஸ் விழிக்க இன்னும் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். ஆகவே ஆரம்பத்தில் மருந்தின் அளவை முடிவு செய்வது ஃப்ரீ டி4, டி3 இரண்டையும் வைத்துத்தான். டிஎஸ்எச் கடைசியில் வரும் விருந்தாளி. அது ஏறட்டும் என்று டோஸைக் கூட்டிக்கொண்டே போனால் நான் அத்தையின் கட்சிக்கு மாறியிருப்பேன். அப்பா அப்போதும் முழுசாகச் சமாதானமாகவில்லை, ஆனால் மாத்திரையை எடுத்து வைப்பது அவர்தான்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. அத்தையின் தைராக்சின் சரக்கைச் சேர்ப்பது, என்னுடையது உற்பத்தியைத் தடுப்பது. வீட்டில் இரண்டுக்கும் பெயர் "தைராய்டு மாத்திரை". மெடிக்கல் ஷாப்பிலும் அப்படிக் கேட்காதீர்கள், சீட்டைக் காட்டுங்கள். இன்னொன்று, முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சில லேப் முறைகளில் பயோட்டின் குறுக்கே புகுந்து, டிஎஸ்எச்-ஐக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டிவிடும். ஒன்றுமே இல்லாதவருக்கும் என் ரிப்போர்ட் மாதிரியே வரலாம்! டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். சாப்பிடுவதை டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கார்பிமசோலில் நிஜமாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. மிக அரிதாக, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், ரத்தத்தின் வெள்ளணுக்கள் அபாயமாகச் சரிந்துவிடும். காய்ச்சலோ தொண்டைவலியோ வாய்ப்புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் மாதம், காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் எனக்குத் தொண்டை வலித்தது, உடம்பும் சுட்டது. "ஐஸ்கிரீம் சாப்பிட்டிருப்பே, கஷாயம் போட்டுத் தரேன்" என்றார் அம்மா. அந்தச் சீட்டைக் காட்டினேன். அப்பா பேசாமல் வண்டியை எடுத்தார். ராத்திரி ஒன்பதரைக்கு ரிசல்ட் வந்தது, அணுக்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வெறும் ஜலதோஷக் காய்ச்சல். டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு மாத்திரையைத் தொடர்ந்தேன், திரும்பும் வழியில் டீக்கடையில் அப்பா எனக்கும் ஒரு பால் சொன்னார்.