ஒப்பிலியப்பன் கத்தி

மாதம் பிறந்து ஐந்தாறு நாள் ஆனதும், ஒரு மத்தியானம் எங்கள் தெருமுனையில் சுருட்டு வாசனையும் ஓடிகொலோன் வாசனையும் ஒன்றாக வரும். கருவாட்டு வாசனை நிரந்தரமாகக் குடியிருந்த தெரு அது. இந்த ரெண்டும் புதுசு என்பதால் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து மோந்து பார்க்கும். சொல்தா மாமா பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார் என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பிப் பென்ஷன் வாங்குகிறவர்களைப் புதுச்சேரிப் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். அம்மாவுக்கு மூத்தவர், ஆயாவுக்குத் தலைப்பிள்ளை, சைகோனையும் அல்ஜீரியாவையும் பார்த்தவர். முத்தியால்பேட்டையில் வீடு. அங்கே பஸ் ஏறினால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும், பொம்மையார்பாளையம் தாண்டுகிறவரை தமிழ்நாடுதான், அப்புறம் எங்கள் பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி. "ரெண்டு எல்லை தாண்டி வந்திருக்கேன், முதல்ல ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று சொல்லிக்கொண்டேதான் மாமா படியேறுவார்.

மாமாவின் பையில் கைநீளத்துக்கு ஒரு ரொட்டி இருக்கும், தகர டப்பாவில் வெண்ணெய் இருக்கும், ஈயத்தாள் சுற்றிய சாக்லெட் இருக்கும். தம்பி தங்கச்சிகள் பையைச் சூழ்ந்துகொள்வார்கள். நான் மட்டும் மாமாவின் கால்சட்டைப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பிட்டு முடித்து, திண்ணைத் தூணில் சாய்ந்து, கடல் காற்றுக்குச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்ட பிறகுதான் அது வெளியே வரும். மரப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் ஒரு கத்தி. நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து அலகை விரிப்பார், பிடியின் கழுத்தில் இருக்கிற வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு திருகு திருகுவார், 'சக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காக மாசம் முழுக்கக் காத்திருந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகு கிளிமூக்கு மாங்காய் ஒன்றை எடுத்து, தோல் எங்கேயும் அறாமல் ஒரே நாடாவாக உரித்து என் கழுத்தில் மாலையாகப் போடுவார்.

"இதுக்குப் பேரு இன்னா மாமா?"

"ஒப்பினேல்."

ஆயாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "யாரு, ஒப்பிலியப்பனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு விழுந்த பேர் அப்படியே நின்றுவிட்டது.

ஒரு ஐப்பசி மாசம், நான் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போ, மாமா எனக்கென்று ஒன்று கொண்டுவந்தார். அவருடையது 8-ஆம் நம்பர், எனக்கு வந்தது 6-ஆம் நம்பர். நான் ரெண்டு கையையும் நீட்டினேன். ஆயா பதறிப்போய், "கத்தியக் கைல குடுக்காதடா, சண்ட வரும், தரையில வை" என்றாள். மாமா தரையில் வைத்தார். நான் குனிந்தேன். மாமா காலால் மறித்துக்கொண்டு, "காசு?" என்றார். பிரான்சில் கத்தியைச் சும்மா கொடுத்தால் சிநேகிதம் அறுந்துபோகும் என்பார்களாம், வாங்குகிறவன் சின்னக் காசாவது கொடுத்துவிட வேண்டுமாம். அவர்கள் ஊர் பயம் ஒன்று, எங்கள் ஊர் பயம் ஒன்று, ரெண்டுக்கும் நடுவில் என் கத்தி சிமெண்டுத் தரையில் கிடந்தது. என்னிடம் அப்போது விளிம்பு வளைந்து வளைந்து இருக்குமே அந்தப் பத்து பைசா ஒன்றும், சதுரமான ஐந்து பைசா ஒன்றும் இருந்தன. பத்து பைசா கமர்கட்டுக்கு ஆகும் என்று கணக்குப் போட்டு ஐந்து பைசாவைக் கொடுத்தேன். மாமா அதைப் புரட்டியும் திருப்பியும் பார்த்துவிட்டுப் பர்ஸில் போட்டுக்கொண்டார். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அலகில் ஒரு கை முத்திரை, அதற்குக் கீழே ஒரு கிரீடம். கை என்றால் காங்கிரஸ் என்றுதான் எனக்குத் தெரியும். வீட்டுச் சுவர் எல்லாம் கை வரைந்திருந்த காலம். பிரெஞ்சுக்காரர்களும் கைக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள் என்று வகுப்பில் அடித்துச் சொன்னேன், ஒருவனும் மறுக்கவில்லை. வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது: பிரான்சில் இத்தாலி எல்லையை ஒட்டி இருக்கிற சவோயி மலைநாட்டில், அரிவாளும் கோடாரியும் அடிக்கிற பட்டறைக்காரர் ஒருவருக்கு ஜோசப் ஒப்பினேல் என்று ஒரு பிள்ளை. 1890-இல் பதினெட்டு வயசுப் பையனாக அவர் செய்த கத்திதான் இது. பிறகு சுண்டுவிரல் அளவில் இருந்து முழங்கை அளவு வரைக்கும் 1 முதல் 12 வரை நம்பர் போட்டார்கள், 1935-இல் 1-ஐயும் 11-ஐயும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கை புனித யோவானின் ஆசி வழங்கும் கை, கிரீடம் சவோயியின் பழைய கோமகன்களுடையது, 1909-இல் பதிந்த முத்திரை. நான் ஆசைப்பட்ட 'சக்' வளையம் 1955-இல்தான் வந்திருக்கிறது. இதெல்லாம் தெரியாமலே ஆயா, "அபயக் கை" என்று சரியாகச் சொல்லிவிட்டாள். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, அப்பாவின் சைக்கிள் பம்பு எல்லாவற்றோடும் அதையும் வைத்து, யோவானின் மூன்று விரலுக்கும் சேர்த்து ஒரு சந்தனப் பொட்டு வைத்தாள்.

பேர் வைத்த வேளையோ என்னவோ, அந்தக் கத்திக்கு உப்பு ஆகவில்லை. கும்பகோணத்துப் பக்கத்தில் ஒப்பிலியப்பன் கோவிலில் பெருமாளுக்கு உப்பில்லாத நைவேத்தியம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். என் கத்தியும் அந்தச் சாதி. முதல் வாரமே மாங்காயை அரிந்து, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்று, அதே ஈரத்தோடு மடக்கி டவுசர் பையில் போட்டுக்கொண்டு தூங்கிப்போனேன். காலையில் பார்த்தால் அலகு முழுக்க அம்மை போட்ட மாதிரி செம்புள்ளி. செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன், அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கையில் கறையேறியதுதான் மிச்சம். அழுதுகொண்டு நின்றவனிடம் அடுத்த மாசம் வந்த மாமா, "தொட, எண்ண போடு, வேல குடு. வேற ஒண்ணும் இல்ல மருமவனே" என்றார். துரு பிடித்த இடத்தை ஒரு எலுமிச்சை மூடியால் தேய்த்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். அலகு வெள்ளையாகத் திரும்பவில்லை, மழைமேகம் மாதிரி ஒரு கறுப்பு படிந்துகொண்டது. அந்தக் கறுப்புதான் இனிமேல் காவல் என்றார்.

அடைமழைக் காலத்தில் வேறொரு தொல்லை. பிடி பீச் மரம், அவர்கள் ஊர்க் காட்டு மரம், எங்கள் ஊர் ஈரத்தில் ஊறி உப்பிக்கொள்ளும். அலகு உள்ளேயே மாட்டிக்கொண்டு வராது. நான் பல்லால் கடித்து இழுத்து உதட்டைக் கிழித்துக்கொண்ட கதை தெருவுக்கே தெரியும். மாமா பிடியின் பின்பக்கத்தை வாசல்படியில் 'டொக்' என்று ஒரு தட்டுத் தட்டினார், அலகு தானாகத் தலையை நீட்டியது. சவோயி ஜனங்களும் மேசையில் இப்படித்தான் தட்டுவார்களாம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் மாட்டிக்கொண்ட டப்பா, திறக்காத பேனா எதுவாக இருந்தாலும் நான்தான் போய்ப் படியில் தட்டிக் கொடுப்பேன்.

ஒரு வருஷம்கூட அது என்னிடம் இல்லை. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், நைலான் நூல் அறுக்கக் கேட்டார். பெருமையாகக் கொடுத்தேன். அவர் நூலை அறுத்துவிட்டு, அதையே இடுப்பில் செருகிக்கொண்டு கட்டுமரம் ஏறிவிட்டார். மூன்றாவது அலையில் மரம் தூக்கிப்போட்டது. மரம் வந்தது, அண்ணன் வந்தார், கத்தி வரவில்லை. மூன்று நாள் கரையில் சிப்பி பொறுக்குகிற மாதிரி நடந்தேன். மாமாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவே இல்லை. "அஞ்சு பைசாவுக்கு அது உழைச்சது போதும்" என்றார்.

கத்தி சேர்க்கிற புத்தி அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். வீராம்பட்டினம் தேருக்குப் போய் மீன் மாதிரி மடங்கும் பித்தளைக் கத்தி வாங்கினேன். ரெண்டு கொய்யாவுக்கு அப்புறம் வால் கழன்றது. காலேஜ் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில், பழைய பூட்டும் கைப்பிடியும் கொட்டிக் கிடக்கிற சாக்கின் முன்னால் குந்திக்கொள்வேன். நட்சத்திரமும் சிலுவையும் முத்திரை போட்ட ஷெஃபீல்ட் ராட்ஜர்ஸ் ஒன்று அப்படிக் கிடைத்தது. வளைத்த தகட்டுப் பிடியில் பூதம் மாதிரி ஒரு உருவம் பொறித்த டூக்-டூக் ஒன்று கிடைத்தது. 1929-இல் பசிபிக் தீவுகளில் விற்பதற்கென்று பிரான்சின் தியேர் ஊரில் செய்த கத்தி. மாமா பார்த்தவுடன் அல்ஜீரியாவில் பட்டாளத்தான் பாக்கெட்டில் எல்லாம் அது இருக்கும் என்றார். ராம்பூர்க் கத்தி ஒன்றும் வேண்டும் என்று ஆசை உண்டு. இந்தி சினிமா வில்லன் கையில் அதைப் பார்த்திருக்கிற அம்மா இருக்கிறவரை அது படியேற வழியில்லை.

பாரிசில் இருந்து வந்த அத்தைப் பிள்ளை ஒருத்தன், முதுகில் தேனீ உட்கார்ந்திருக்கிற கத்தி ஒன்றைக் கொண்டுவந்தான். பெட்டியில் இருந்த எழுத்தைப் பார்த்து 'லாகியோல்' என்றேன். 'லாயோல்' என்று சிரித்தான். அதை ஆயாவிடம் காட்டி, கால்மெல்ஸ் என்கிறவர் 1829-இல் தொடங்கிய கத்தி, கொம்புப் பிடி, எவ்வளவு பழைய சாதி தெரியுமா என்று அளந்துகொண்டிருந்தேன். ஆயா வெற்றிலை போடுகிற மும்முரத்தில் இருந்தாள். பெட்டியில் இருந்து எதையோ எடுத்து விரித்து, வெற்றிலைக் காம்பை நறுக்கிவிட்டு, மறுபடி மடக்கி உள்ளே போட்டாள். இருபது வருஷமாகத் தினம் நான் பார்த்துக்கொண்டிருந்த காரியம் அது. அன்றைக்குத்தான் கையை நீட்டினேன்.

ஒரு சாண்கூட இல்லை. பழுப்பேறிய மாட்டுக்கொம்பு உறை. ஒரு முனையில் சின்னக் கத்தி மடங்கிக் கிடந்தது, மறு முனையில் நுனி உடைந்த ஓர் ஊசி. "எங்க தாத்தா ஏடு வாரினதுடா" என்றாள் ஆயா. அவர் கணக்கெழுதினவராம். பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் ஓலைச்சுவடிகளோடு பழகிய ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்த சைவச் சுவடிகள் இருக்கிற இடம் அது. பார்த்த மாத்திரத்தில் "மடக்கெழுத்தாணி" என்றார். வாரெழுத்தாணி, குண்டெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திர'த்தில் வகை சொல்லியிருக்கிறார். ஓலையை வாருவதற்குக் கத்தி, எழுதுவதற்கு ஊசி, ரெண்டும் ஒரே உறைக்குள் அடக்கம். நான் தேடித் திரிந்த பாக்கெட் கத்தி சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

இப்போது ஆயாவும் இல்லை, மாமாவும் இல்லை. மாமா போன பிறகு அத்தை அந்த 8-ஆம் நம்பரைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள், நான் ஒரு ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன். மாமா சாய்ந்திருந்த திண்ணையும் இல்லை. தெற்கே துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு எங்கள் கரைக்கு மணல் வரத்துக் குறைந்து, கடல் வீடு வீடாக எடுத்துக்கொண்டே வந்தது; நாங்கள் ரோட்டுக்கு மேற்கே வந்துவிட்டோம். காற்றில் உப்பு மட்டும் குறையவில்லை. கண்ணாடிப் பெட்டியில் பஞ்சு விரித்து வைத்திருக்கிற என் முப்பத்தேழு கத்தியையும் மாசம் ஒருமுறை துடைத்தால்தான் தப்பிக்கும். துடைக்காமலே துரு பிடிக்காதது ரெண்டே ரெண்டு. மாமாவின் கத்தி தினம் சமையலறையில் காய் நறுக்குகிறது. ஆயாவின் எழுத்தாணி அம்மாவின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வெற்றிலைப் பெட்டி பரணில் கிடக்கும், ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். மடங்குகிற மாதிரி ஏதாவது இருந்தால் செங்கல் தூள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், நான் பட்டது போதும். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, வாரத்துக்கு ஒரு காம்பாவது நறுக்குங்கள்.