உறைக்குள் ஒரு ரூபாய்

பெரியவர் முதல் நாள் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தபோது கேஸ் கட்டு எதுவும் கொண்டுவரவில்லை. துணிப்பையிலிருந்து பழைய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே, நூல் புடவைத் துண்டில் சுற்றிய பன்னிரண்டு தட்டையான பிளாஸ்டிக் உறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பழைய வெள்ளி ரூபாய். அதன் தலைமாட்டில் ஒரு சீட்டு. சீட்டில் ஆண்டு, பார்கோடு, ‘எம்.எஸ்.’ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண். காசின் நிலையைப் பார்த்து ஓர் அமெரிக்க நிறுவனம் போட்ட தரம் அது. நான் கை நீட்டியதும், "ஓரத்தைப் பிடிங்க சார்" என்றார். உறையின் மேல்கூட விரல் படக்கூடாது என்று நினைக்கிற மனிதர்.

பெங்களூரு தூரவாணி நகர் தொலைபேசித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதிலிருந்தே காசு சேர்க்கும் பழக்கம் உண்டு. 2009, 2010 ஆண்டுகளில், கையில் இருந்த ஓய்வுப் பணத்திலிருந்து 4,10,000 ரூபாயை இந்தப் பன்னிரண்டு காசுகளில் போட்டிருந்தார். அந்தச் சமயத்தில் வங்கிகளும் சுவிஸ் தங்கக் காசுகளைச் சான்றிதழோடு மூடிய உறையில், சந்தை விலைக்கு மேல் வைத்து விற்றுக்கொண்டிருந்தன. வங்கியே விற்கிற மாதிரிதானே இதுவும் என்று அவர் எண்ணியதில் தவறு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விற்ற காசைத் திரும்ப வாங்க வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி அனுமதி இல்லை என்பது அன்று வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. இவருக்குக் காசு விற்ற வியாபாரி சொன்னது ஒரே வாக்கியம்: "நம்பர் இருக்கு சார், அந்த நம்பருக்கு உண்டான விலை எந்த ஊர்லயும் கிடைக்கும்." அது பில்லில் இல்லை.

மகள் கல்யாணத்துக்காக நான்கு காசுகளை விற்க அவென்யூ ரோடு பக்கம் போனபோதுதான் விஷயம் வெளிவந்தது. 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 1911 ரூபாய்க்கு அங்கே ஒருவர் 18,000 சொன்னார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்துவிட்டு, ராஜாவின் கன்னத்தில் மெல்லிய கீறல்கள் தெரிகின்றன, எப்போதோ யாரோ துடைத்திருக்கிறார்கள், சீட்டில் போட்டிருக்கும் 64 என்ற எண்ணுக்கு இது வராது என்றும் சொன்னார். இன்னொரு கடையில் 15,000.

அந்தக் காசு வெறும் வெள்ளித் துண்டு இல்லை என்பதையும் சொல்லவேண்டும். 11.66 கிராம் எடை, பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. உருக்கினால் அன்றைக்கு முந்நூறு ரூபாய் சொச்சம் தேறும். ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் பொறித்திருந்த யானை பன்றி போலத் தெரிகிறது என்று ஜனங்களிடையே முணுமுணுப்பு கிளம்பி, அடுத்த ஆண்டே அச்சைத் திருத்தினார்கள். 90 லட்சத்துக்கு மேல் அடித்ததில் சுமார் 7 லட்சம் மட்டுமே வெளியே வந்தது, மிச்சம் உருக்கப்பட்டது என்பது சேகரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. ஆக, முந்நூறு பெறும் வெள்ளிக்குப் பதினெட்டாயிரம் என்பதில் சரித்திரத்தின் விலை இருக்கிறது. பதினெட்டாயிரத்துக்கும் எண்பத்தைந்தாயிரத்துக்கும் நடுவில் இருப்பது அந்தச் சீட்டும் அந்த எண்ணும்தான். எங்கள் வழக்கு அந்த இடைவெளியைப் பற்றியது.

முதல் காசு வாங்கி இரண்டு வருஷம் நிறைய மூன்று வாரமே பாக்கி. அது தாண்டினால் நுகர்வோர் மன்றம் புகாரை எளிதில் எடுக்காது என்பதால், விற்ற வியாபாரிமேல் அவசரமாகத் தாக்கல் செய்தேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கெட்டிக்காரர். காசு அசல், சான்றும் அசல், பிறகு குறை எங்கே என்று கேட்டார். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆவது பிரிவில் ஒரு விளக்கம் இருக்கிறது: ஒரு பொருளின் மதிப்பைப் பற்றிய தவறான கருத்தை, உண்மை நிலை பற்றிய தவறாகக் கொள்ளக்கூடாது. எளிதாகச் சொன்னால், ‘குதிரை என்று இருவருமே நினைத்துக் கழுதை கைமாறிவிட்டது’ என்பவருக்குச் சட்டத்தில் வழி உண்டு. ‘குதிரைக்கு அதிகம் கொடுத்துவிட்டேன்’ என்பவருக்கு இல்லை. சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் அதிகபட்ச விலை அச்சிட்டிருக்கும், பழங்காசுக்கு அப்படி ஒன்று கிடையாது. அந்த விதி நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். அது இல்லாவிட்டால் எந்த வியாபாரமும் முடிந்ததாக ஆகாது. ஆனால் விலை தெரிந்த ஒருவரும், விலை தெரிய வழியே இல்லாத ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போதும் அதே விதிதான்.

அடுத்த வாதம் இன்னும் கடினம். லாபத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றார் அவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் என் நிலைமை. ஆசைக்காகச் சேர்த்தார் என்று சொன்னால், ஆசைப்பட்ட பொருள் கையில்தானே இருக்கிறது, நஷ்டம் என்ன என்று கேட்பார்கள். விலை ஏறும் என்று நம்பி வாங்கினார் என்றால் வாசலிலேயே புகார் விழுந்துவிடும். கோவை பிஎஸ்ஜி நிறுவனத்தை எதிர்த்து லட்சுமி என்ஜினியரிங் வொர்க்ஸ் நடத்திய வழக்கில், வணிக நோக்கமா இல்லையா என்பதை அந்தந்த வழக்கின் உண்மைகளை வைத்தே பார்க்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியிருந்தது. அதைக் காட்டி, நாற்பது வருஷமாகக் காசு சேர்ப்பவர் ஒரு முறை கல்யாணச் செலவுக்கு விற்கப் போனதால் வியாபாரி ஆகிவிடமாட்டார் என்றேன். மன்றம் ஏற்றுக்கொண்டது.

மிச்சம் இருந்தது அந்த எண். 64 என்பது தவறு என்று காட்டிவிட்டால், விலை பற்றிய பேச்சு பொருள் பற்றிய பேச்சாக மாறும். ஒரு பொருளின் குறை பரிசோதித்தால்தான் தெரியும் என்றால், அதை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரிசிக்கும் மருந்துக்கும் ஆய்வகம் இருக்கிறது. பழங்காசின் தேய்மானத்தை அளந்து எண் போட அப்படி ஓர் இடத்தை என்னால் காட்ட முடியவில்லை. அவென்யூ ரோடு வணிகரையே நிபுணராகக் கூப்பிட்டேன். காசை வெளியே எடுத்துச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். மன்றத் தலைவர் உறையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைத் திறக்கலாமா?" என்று கேட்டார். உடைத்தால் சான்று செல்லாது என்று எதிர்த்தரப்பு எழுந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர் தானாக எழுந்து நின்று, "வேண்டாம் சார், உடைச்சா அது வெறும் காசு" என்றார். குறையை நிரூபிக்க வேண்டுமானால் எதற்காக அவ்வளவு பணம் கொடுத்தாரோ அதையே அழிக்கவேண்டும். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தரம் போட்ட அமெரிக்க நிறுவனத்துக்கே திருப்பி அனுப்பி மறுபரிசீலனை கேட்கலாம் என்று யோசனை வந்தது. ஆனால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள். மத்திய அரசும் அது அதிகாரம் கொடுத்த அமைப்பும் தவிர வேறு யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறை. பெரியவர் வாங்கியபோது 1911 காசுக்கு 98 வயது. நாங்கள் வாய்தா வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு நூறு நிறைந்துவிட்டது. நம் கோயில் சிலைகளையும் காசுகளையும் காப்பாற்ற வந்த சட்டம் அது, அதன் தேவையை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். அதே சட்டம் இந்த ஒரு மனிதர் தன் சான்றைச் சரிபார்க்கும் வழியை அடைத்தது.

இறுதி வாதத்துக்காகப் படித்தபோது இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று முதல் எழுபது வரை போகும் இந்த எண் முறையை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பழைய செப்புச் சென்ட் காசுகளுக்காக வகுத்தார். தரம் 1 உள்ள காசு ஒரு டாலர் பெறுமென்றால் தரம் 70 உள்ளது எழுபது டாலர் பெறும் என்பது அவர் கணக்கு. அதாவது அந்த எண் பிறந்ததே விலையாகத்தான். இரண்டாவது, 1990இல் அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணையம், பிசிஜிஎஸ் என்ற பெரிய தரச்சான்று நிறுவனத்தின் விளம்பரங்கள் மிகையானவை என்று வழக்குப் போட்டது. சமரசமான பிறகு, சந்தை ஏற்ற இறக்கத்திலிருந்து சான்று பாதுகாப்புத் தராது என்ற எச்சரிக்கை அந்த நிறுவனத்தின் விளம்பரங்களில் இடம்பெற்றது. அந்த ஒரு வரியைப் பெரியவரிடம் கன்னடத்திலோ தமிழிலோ யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வாதம். தலைவர் கவனமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். சொன்னதற்கும் சொல்லாததற்கும் எழுத்தில் சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை.

தீர்ப்புக்கு முந்தின வாரம் பில்களை மறுபடி ஒவ்வொன்றாக உறைகளோடு ஒத்துப் பார்த்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. 1907ஆம் ஆண்டு எட்வர்ட் ரூபாய்க்கான பில்லில் ‘எம்.எஸ். 65’ என்று எழுதியிருந்தது. உறைச் சீட்டில் 63. விவரித்துச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்தோடு பொருந்தவேண்டும் என்பது 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு. பெரியவருக்கு நேர்ந்த அநியாயத்துக்கும் இந்த எழுத்துப் பிசகுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சட்டத்தின் கைக்கு எட்டியது அது ஒன்றுதான்.

2012 கடைசியில் உத்தரவு வந்தது. பதினொரு காசுகளைப் பொறுத்தவரை புகார் தள்ளுபடி. 1907 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கொடுத்த 31,000 ரூபாயை 9 சதவீத வட்டியோடும், செலவுத்தொகை 3,000 ரூபாயோடும் ஆறு வாரத்துக்குள் பெற்றுக்கொள்ள வேண்டும். மேல்முறையீடு வேண்டாம் என்றார் பெரியவர். கல்யாணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கியிருந்தார், செக்கை வாங்கி அங்கேயே கட்டினார்.

சில ஆண்டுகள் கழித்து, அவர் காலமான பிறகு, அவர் மனைவி அதே பிஸ்கட் டின்னோடு வந்தார். உறைகளை உடைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் அம்மா, பில்லையும் அதோடேயே வையுங்கள் என்றேன். 1911 ரூபாய் இன்னும் உறைக்குள்தான் இருக்கிறது. அதற்கு 85,000 தருகிறேன் என்று இதுவரை ஒருவரும் வரவில்லை.