தீட்டிய கத்தியும் கனத்த கோலும்

காயல்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, மாசி என்பது ஒரு மீன் என்றே நெடுநாள் வரை தெரியாது. கருத்த விறகுத் துண்டு போன்ற ஒன்றை உம்மா உரலில் இட்டு இடிப்பார்கள். இடித்த தூள் சம்பலில் சேர்ந்ததும் வீடெங்கும் மணக்கும். ஏதோ ஒரு மரத்தின் வேர் என்றே நான் எண்ணியிருந்தேன். "மாலத்தீவில் பிடிபடும் சூரை மீனை அவித்து, புகையிட்டு, வெயிலில் காயவைத்தால் இப்படி ஆகும்" என்று வாப்பா ஒருநாள் விளக்கியபோது, விளையாட்டுக்குச் சொல்வதாகவே நினைத்தேன்.

பிற்காலத்தில் அந்த மாலத்தீவிலேயே சில ஆண்டுகள் கணித ஆசிரியனாகப் பணியாற்றும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான். 1343ஆம் ஆண்டில் அங்கு வந்து இறங்கி, காஜியாகவும் பொறுப்பேற்ற பயணி இப்னு பதூதா, இந்த மீனைத் துண்டு செய்து வேகவைத்துப் புகையூட்டும் வழக்கத்தையும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யமனுக்கும் ஏற்றுமதியானதையும் தம் பயணநூலில் பதிந்திருக்கிறார். ஏழு நூற்றாண்டுகளாக நம் உரல்களுக்கு வந்து சேரும் அந்த மீனை, ஒரு கோலும் நூலும் கொண்டு நானே பிடிக்கப் போய், வெட்கத்தோடு கற்றுத் திரும்பிய பாடம் ஒன்று உண்டு. அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

மாலத்தீவினர் சூரையைப் பிடிக்கும் முறை எளிமையானது. எனினும் அதன் நேர்த்தி வியக்கத்தக்கது. அங்கே சூரைக்கு வலை இடுவதில்லை. விடியுமுன் பவளத்திட்டுகளின் ஓரத்தில் சிறு மீன்களை உயிரோடு பிடித்துப் படகின் அடித்தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். கடற்பறவைகள் வட்டமிடும் இடத்தை அடைந்ததும் அவற்றை வாரி இறைப்பார்கள். நீரைத் தூவி அலைமேற்பரப்பைக் கலக்குவார்கள். இரை கொட்டுவதாக எண்ணிச் சூரைக் கூட்டம் கொந்தளிக்கும்போது, படகின் பின்புறத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள் நீண்ட கோல்களை நீட்டுவார்கள். அந்தத் தூண்டில் முள்ளில், மீனை விடாமல் பற்றும் எதிர்க்கூர் கிடையாது. மீன் கவ்வியதும் ஒரே வீச்சில் அது தலைக்குமேல் பறந்து வரும். நூல் தளர்ந்தவுடன் தானே கழன்று தளத்தில் விழும். கவ்வியது முதல் விழுவது வரை இரண்டு மூன்று நொடிகளே. 2012ஆம் ஆண்டில் இம்முறைக்கு எம்.எஸ்.சி. என்னும் பன்னாட்டு அமைப்பின் சான்றும் கிட்டியது.

என் மாணவன் ஒருவனின் தந்தை அத்தகைய படகொன்றின் கேயோலு, அதாவது தலைவர். நான் அவரைப் பேபே என்று அழைப்பேன். அந்நாட்டு மொழியில் அண்ணன் என்று பொருள். ஒரு விடுமுறையின்போது எங்கள் தீவின் விருந்தினர் விடுதியில் வயது முதிர்ந்த ஆங்கிலேயர் ஒருவர் வந்து தங்கினார். பொறியாளராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஃபிளை ஃபிஷிங் என்ற முறையில் சூரை பிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பேபேயின் சிறு படகில் அவருக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் சென்றேன்.

ஃபிளை என்றால் ஈ. குளிர்நாட்டு ஓடைகளில் ஈயையும் பூச்சியையும் போல இறகாலும் மயிராலும் முள்ளின்மேல் கட்டிய போலி இரையைக் கொண்டு மீன் பிடிப்பதால் அப்பெயர் வந்தது. கடலில் அந்த ஈ, விரல் நீளச் சிறு மீனின் உருவம் பெறுகிறது. இதற்கு எடையே இல்லை. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறந்து நூலை இழுத்துச் செல்லும்; இங்கே பருத்த நூல் பறந்து இரையை எடுத்துச் செல்கிறது. ஆகவே இந்த முறையில் நூலின் எடையே எல்லாவற்றுக்கும் அளவு. அதன் முதல் 30 அடியின் எடையைக் கொண்டு நூலுக்கு எண் இடுகிறார்கள். அந்த எண்ணுக்கேற்ற கோலைத் தேர்கிறார்கள். ஓடை மீனுக்கு உரிய 5ஆம் எண் நூலின் அப்பகுதி ஏறத்தாழ 9 கிராம். சூரைக்கு உரிய 12ஆம் எண்ணில் அது ஏறத்தாழ 25 கிராம்.

அவரிடம் இரண்டு கோல்கள் இருந்தன. ஒன்று 9ஆம் எண், மற்றது 12. "கனத்ததை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டையும் வீசிப் பார்த்தேன். 12ஆம் எண் கோல் மணிக்கட்டை ஒடித்தது. பத்து வீச்சில் தோள் வலித்தது. மற்றதோ எழுதுகோல் போல் கையில் இருந்தது. நூல் அழகாகப் பறந்தது. மேலும், மெல்லிய கருவியால் பெரிய மீனை வென்றேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை அல்லவா? நான் மெல்லியதையே எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

மறுநாள் தீவுக்கூட்டத்தின் வாய்க்காலுக்கு வெளியே, ஆழ்கடலில், மஞ்சள் துடுப்புச் சூரை ஒன்று என் இரையைக் கவ்வியது. அதன் பின் நிகழ்ந்ததைப் போர் என்பதா, இழுபறி என்பதா! ரீல் அலறியது. 200 கஜம் நூல் கண்மூடித் திறப்பதற்குள் கடலுக்குள் சென்றது. பிறகு மீன் நேர்க்கீழாக ஆழத்திற்கு இறங்கி, படகின் அடியில் வட்டமிடத் தொடங்கியது. என் கோல் வில்லாக வளைந்ததே தவிர, மீன் ஒரு சாண்கூட மேலே வரவில்லை. ஒரு மணி நேரம் கடந்தது. என் கைகள் நடுங்கின. "இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று பேபே இருமுறை கேட்டார். ஒரு மணி இருபது நிமிடத்திற்குப் பின் மீன் மேலே வந்தது. அசைவின்றி, வால் முன்னாக, இறந்தே வந்தது.

நான் வெற்றிப் பெருமிதத்தோடு நின்றேன். பேபே அதைக் கீறினார். செவ்வையாக மின்ன வேண்டிய சதை வெளிறி, அவித்தது போல் குழைந்திருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "சார், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் இதை நான் வைக்க மாட்டேன்" என்றார். அவர் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்று மாலை மஃரிபுக்குப் பின் அந்தப் பெரியவர் காரணத்தை விளக்கினார். சூரை நின்று மூச்சு விடும் மீனன்று. வாயைத் திறந்தபடி இடைவிடாது நீந்தினால்தான் செவுள்களில் நீர் பாய்ந்து உயிர்ப்பு நிகழும். பெரும்பாலான மீன்களின் உடல் கடல்நீரின் வெப்பத்தையே கொண்டிருக்க, சூரையின் தசைகளோ நீரைவிடச் சூடாக இருக்கும். அதன் வேகத்திற்கு அதுவே காரணம். நெடுநேரம் போராடும்போது அந்தச் சூடு ஏறிக்கொண்டே போகும். தசையில் புளிப்பு சேரும். உயிரோடு இருக்கும்போதே சதை வெந்துவிடுகிறது. ஜப்பானியர் இதற்கு யாக்கே என்றே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தகைய மீனைக் கடலில் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது.

"ஆகவே கனத்த கோல் மனிதனின் வசதிக்காக அன்று, மீனின் துன்பத்தைச் சுருக்குவதற்காக" என்றார் அவர்.

பின்னர், வில்தராசு ஒன்றைத் தூணில் கட்டி, நூலை அதில் மாட்டிக் கோலை என் கையில் தந்தார். கோலை வானை நோக்கி உயர்த்தி இழுத்தேன். கோல் ஒடிவது போல் வளைந்தது. தராசோ ஒரு கிலோவைச் சற்றே தாண்டியது. இப்போது கோலைத் தாழ்த்தி, அடிப்பகுதி வளையுமாறு இழுக்கச் சொன்னார். வளைவு குறைந்தது, தராசு மூன்று கிலோவைக் காட்டியது. ஒரு மணி நேரமாக நான் மீனோடு போராடவில்லை, என் நெம்புகோலோடு போராடினேன் என்பது அப்போது புரிந்தது. கணிதம் கற்பிக்கும் எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்! கோலின் நுனி மீனைத் தூக்குவதற்கு உரியதன்று. தாழ்ந்த கோணத்தில் இடுப்பையும் காலையும் கொண்டு அடிப்பகுதியால் சிறிது தூக்கி, இறக்கும்போது சுற்றிக்கொள்ள வேண்டும். மீனுக்கு ஓய்வு தரலாகாது. நாம் இளைப்பாறும் ஒவ்வொரு நிமிடமும் அதுவும் இளைப்பாறுகிறது. அதன் வேதனைதான் நீளுகிறது.

ரீலைப் பற்றியும் ஒரு நுட்பம் சொன்னார். பருத்த நூலுக்கு அடியில் 300, 400 கஜம் மெல்லிய பின்னல் நூல் சுற்றியிருக்க வேண்டும். மீன் ஓடும்போது ரீலின் பிரேக் சீராக நழுவ வேண்டும்; விட்டுவிட்டுப் பிடித்தால் நூல் அறும். நூல் வெளியேற வெளியேற ரீலின் சுற்று சிறுத்துக்கொண்டே வரும். அந்த விட்டம் பாதியானால், பிரேக்கைத் தொடாமலே இழுவை இருமடங்காகும். இத்துடன் நீண்ட நூலை நீர் இழுக்கும் சுமையும் சேரும். எனவே இரைக்கு அருகில் உள்ள தங்கூசி 9 கிலோ தாங்குமானால், நிறைந்த ரீலில் இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு மேல் பிரேக்கை இறுக்கலாகாது. இதைக் கையால் இழுத்து ஊகிக்காமல் தராசில் வைத்து அளக்க வேண்டும்.

முள் மெல்லிய கம்பியாய் இருந்தால் சூரை அதை நிமிர்த்திவிடும். பருத்த கம்பியாய் இருக்க வேண்டும். அதன் எதிர்க்கூரை இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். மீன் கவ்வும்போது கோலை உயர்த்தாமல், இடக்கையால் நூலை வெடுக்கென இழுத்தே முள்ளைப் பதிக்க வேண்டும். தளத்தில் குவிந்து கிடக்கும் நூல் காலிலோ விரலிலோ சுற்றியிராதபடி, மீனுக்கு முன்னால் அதைக் கவனிக்க வேண்டும். ஓடும் சூரையின் நூல் விரலை அறுத்துவிடும்.

அவர் பேசப் பேச, எனக்கு மதரஸாவில் ஓதிக்கொடுத்த ஆலிம்ஷா நினைவுக்கு வந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது, ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு நபிமொழியை அவர்கள் தவறாமல் விளக்குவார்கள். எல்லாச் செயலிலும் நேர்த்தியை இறைவன் விதித்திருக்கிறான். அறுப்பவர் தம் கத்தியைத் தீட்டி, பிராணியின் வேதனையைத் தணிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. மீனுக்கு அறுப்பு இல்லை. கடல்வேட்டை நமக்கு ஆகுமாக்கப்பட்டது. ஆகவே அந்த நேர்த்தியும் மீனுக்கு இல்லை என்று நான் அறியாமலே எண்ணியிருந்தேன் போலும். மழுங்கிய கத்தியை எடுத்துக்கொண்டு, இதைக் கொண்டே அறுத்துக் காட்டுகிறேன் என்று ஒருவன் பெருமை பேசினால் நாம் அவனை என்ன சொல்வோம்? நான் கடலில் செய்தது அதுதான்.

அந்த ஆங்கிலேயர் மீனைப் பிடித்து விட்டுவிடுவதே கருணை என்று கருதினார். உண்ணும் நோக்கமின்றி ஓர் உயிரை முள்ளில் மாட்டுவதே எனக்கு உறுத்தியது. இதில் நாங்கள் உடன்படவில்லை. ஆயினும் விடுவதானாலும் உண்பதானாலும் அந்த நேரத்தைச் சுருக்கியே ஆக வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டோம்.

அவர் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள், பேபேயிடம் அனுமதி பெற்று மீண்டும் சென்றேன். இம்முறை 12ஆம் எண் கோல். தோள் வலித்தது, வீச்சு குட்டையாக விழுந்தது, பத்துக்கு ஒன்றுதான் சரியான இடத்தை அடைந்தது. ஏறத்தாழ அதே அளவுள்ள மீன் கவ்வியது. கோலைத் தாழ்த்தி, மூச்சு வாங்க நிற்காமல் இழுத்தேன். பேபே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது நிமிடத்தில் மீன் படகருகே வந்தது, உயிரோடும் வண்ணத்தோடும். பேபே பிஸ்மில்லாஹ் சொல்லி அதைத் தூக்கி, உடனே தலையில் தட்டி, குருதியை வடித்து, பனிக்கட்டியில் வைத்தார்.

கீறிப் பார்த்தபோது சதை சிவந்து மின்னியது. அன்றிரவு அவர் வீட்டில் விருந்து. நானும் அந்தப் பெரியவரும் விருந்தாளிகள். வால்பக்கத்து இறைச்சியைப் பேபேயின் மனைவி உப்புநீரில் அவித்து, அடுப்புக்கு மேலே புகையில் வைத்தார்கள். விடுமுறை முடிந்து நான் ஊருக்குக் கொண்டுவந்த பொட்டலத்தில் அதுவும் இருந்தது.

உம்மா அதை முகர்ந்து பார்த்து, "நல்ல மாசி" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்காகக் கனத்த கோலைச் சுமந்தது தகும்.