மணலுக்கு ஒரு செக்போஸ்ட்

புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? முத்தியால்பேட்டை தாண்டிக் கோட்டக்குப்பம் வந்துவிட்டால் நீங்கள் தமிழ்நாட்டுக்குள் இருக்கிறீர்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே வெயில், அதே பரோட்டாக் கடை, அதே சுவரொட்டித் தலைவர்கள். மாநிலம் மாறியதற்கு ஒரே அடையாளம் செக்போஸ்ட்தான். அந்தப் பக்கம் மது விலை குறைவு என்பதால் இந்தப் பக்கம் பைகளுக்கு மதிப்பு அதிகம். ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார்கள்.

அன்றைக்கும் பஸ் நின்றது. இளம் காவலர் ஒருவர் ஏறினார். என் பையைத் திறக்கச் சொன்னார். இரண்டு புத்தகம், ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில். தண்ணீர் பாட்டிலை மட்டும் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார். எனக்கு முன் சீட்டில், மீன் விற்றுவிட்டுத் திரும்பும் ஒரு அம்மா, காலடியில் காலி அன்னக்கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காவலர் குனிந்து அதையும் பார்த்தார்.

"நல்லா பாரு கண்ணு. மீன் நாத்தம் மட்டுந்தான் கீது. வேணும்னா எடுத்துக்கோ."

பஸ்ஸே சிரித்தது. காவலரும் சிரித்துவிட்டு இறங்கிப் போனார். பாவம், அவர் வேலையை அவர் செய்தார். பஸ் கிளம்பியதும் அந்த அம்மா யாருக்கும் சொல்லாத மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஏழு தென்ன மரம், ஒரு கெணறு, மாமியார் கட்டுன ஊடு... எல்லாத்தையும் தூக்கினு போனவன ஒரு செக்போஸ்ட்லயும் நிறுத்தல."

"யாரும்மா?" என்றேன்.

"வேற யாரு, கடலுதான்."

எழுதுகிறவனுக்கு இந்த மாதிரி ஒரு வாக்கியம் கிடைத்தால் தூக்கம் போய்விடும். எனக்கும் போனது.

யோசித்துப் பாருங்கள். நம் கடற்கரை மாதிரி கண்காணிக்கப்படுகிற இடம் குறைவு. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் கடல் வழியாக வந்தார்கள். அதன் பிறகு மீனவர்களிடம் விரல் ரேகை எடுத்து அடையாள அட்டை கொடுத்தார்கள். படகுக்குப் பதிவு எண், கடலோரக் காவல் நிலையம், அவ்வப்போது 'சாகர் கவச்' என்று ஒத்திகை. ஒத்திகை அன்று போலீஸ்காரர்களே தீவிரவாதி வேடத்தில் படகில் வருவார்கள், போலீஸ்காரர்களே பிடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். ஆனால், இத்தனை சோதனைகளுக்கும் நடுவில்தான் 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். எதைத் தேடுகிறோமோ அதுதான் கண்ணில் படும் என்பார்கள். சில சமயம் அதுவும் படுவதில்லை.

சரி, கடல் எப்படித் திருடனாயிற்று?

இந்தக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடந்துகொண்டே இருக்கும். தென்மேற்குப் பருவத்தின் அலைகள் பல மாதம் அதை வடக்கே தள்ளும். வடகிழக்குப் பருவம் வந்தால் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். 1980களின் பிற்பாதியில் புதுச்சேரியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்களை நீட்டினார்கள். தெற்கே இருந்து நடந்து வந்த மணல் அங்கே நின்றுவிட்டது.

ஆமாம், கடலுக்குள் ஒரு செக்போஸ்ட். நம் செக்போஸ்ட்டாவது சோதித்துவிட்டு விட்டுவிடும். இது விடவே இல்லை.

திட்டம் போட்டவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெற்கே சேரும் மணலை எடுத்து வடக்கே கொட்ட வேண்டும் என்று திட்டத்திலேயே இருந்தது. அந்த வேலை ஒழுங்காக நடக்கவில்லை. தெற்கே மணல் மேடிட்டது. வடக்கே, புதுச்சேரி நகரத்தின் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டினார்கள். கல் எங்கே முடிந்ததோ அங்கே அடுத்த அரிப்பு தொடங்கியது. தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று வடக்கே வடக்கே போனது.

இங்கே இன்னொரு கூத்து. கோட்டக்குப்பம் தமிழ்நாடு. கொஞ்ச தூரம் போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு எல்லாம் புதுச்சேரி. அதற்கும் வடக்கே மறுபடி தமிழ்நாடு. அவரவர் எல்லைக்குள் அவரவர் கல் போடுகிறார்கள். ஒரு குப்பத்துக்குத் தூண்டில் வளைவு கட்டினால் அங்கே மணல் சேரும்; அதற்கு வடக்கே இருக்கும் குப்பத்துக்கு வரவேண்டிய மணல் குறையும். அந்தக் குப்பத்தார் சாலையில் உட்கார்ந்து 'எங்களுக்கும் தூண்டில் வளைவு' என்று மறியல் செய்வார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுச் சுவர் விழும்போது, அடுத்த ஊரைப் பற்றி யோசி என்று யாரிடம் சொல்வது? 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது பிள்ளைச்சாவடியில் வீடுகள் இடிந்து விழுந்தன.

இப்போதெல்லாம் இதைக் கேட்டால் ஒரு ரெடிமேட் பதில் கிடைக்கிறது: "பருவநிலை மாற்றம் சார், உலகமே அப்படித்தான்." பருவநிலை மாற்றம் பொய்யில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. சூடாகிற கடல் இனியும் இப்படிக் கொட்டும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனால் உலகக் கடல்மட்டம் உயர்வது வருஷத்துக்கு 3, 4 மில்லிமீட்டர். வீட்டு வாசலில் எட்டு எட்டாகக் குறைவதை அந்த மில்லிமீட்டர் கணக்கில் எழுதிவிட்டால், அப்புறம் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. குற்றவாளி உலகம் என்றால் யாரைப் போய்க் கேட்பது?

கணக்கு இல்லை என்றும் சொல்ல முடியாது. 1990 முதல் 2016 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்து, தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் 2018-ல் ஒரு அறிக்கை தந்தது. புதுச்சேரிக் கரையில் 57 சதவிகிதம், தமிழ்நாட்டில் 41 சதவிகிதம் அரிப்பு. புதுச்சேரியில் 'பாண்டிகேன்' அமைப்பினர் பல வருடமாக இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். சேகர் தத்தாத்ரி இந்தியாவின் மறையும் கடற்கரைகளைப் பற்றி ஒரு படமே எடுத்தார். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். நகரத்துக்குக் கொஞ்சம் மணல் திரும்பியது. சுற்றுலாப் பயணிகள் கால் நனைக்கிறார்கள், சந்தோஷம். குப்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன.

எனக்கு இங்கே கடலூர் ஞாபகம் வருகிறது. ரொம்ப தூரமில்லை, புதுச்சேரிக்குத் தெற்கே அடுத்த ஊர். அங்கே சிப்காட் ஆலைகளின் நாற்றம் தாங்காமல் புகார் செய்த கிராமத்தாரிடம் அதிகாரிகள் கேட்ட கேள்வி, "ஆதாரம் எங்கே?" மூக்கு ஆதாரம் ஆகாதாம்! 2004-ல் கிராமத்து ஜனங்களே கண்காணிப்பாளர் ஆனார்கள். எத்தனை மணிக்கு, என்ன மாதிரி நாற்றம், காற்று எந்தத் திசை என்று நோட்டில் எழுதினார்கள். ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டுக்குள் பையைப் பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனங்கள் அதில் இருப்பது தெரிந்தது. கேமராவுக்கு மூக்கு கிடையாது. அதுவரை அந்த ஜனங்களைத்தான் எல்லோரும் கண்காணித்தார்கள். அன்றைக்கு அவர்கள் திரும்பி ஆலையைப் பார்த்தார்கள்.

மறுபடி அந்த அம்மாவிடம் வருகிறேன். பொம்மையார்பாளையத்தில் இறங்கினார். நானும் இறங்கிவிட்டேன். (மரக்காணத்தில் என்னை எதிர்பார்த்திருந்த நண்பர் இன்னும் என்னுடன் சரியாகப் பேசுவதில்லை.) வீடு வரை அழைத்துப் போனார். முன்பு அவருக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தனவாம். இப்போது அவர் வீடுதான் முதல் வரிசை. திண்ணையில் நின்றால் அலை தெரிகிறது.

"வருசா வருசம் தை அம்மாவாசைக்கு வாசப்படியிலேர்ந்து தண்ணி வரைக்கும் எட்டு வச்சுப் பாப்பேன் தம்பி. பேத்தி எழுதி வச்சிக்கும்" என்றார்.

பேத்தி பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். ஆறு வருஷம், ஆறு எண்கள். அறுபத்தெட்டில் ஆரம்பித்து முப்பத்தொன்றில் நின்றது. நடுவில் ஒரே ஒரு வருஷம் நாலு எட்டு கூடியிருந்தது.

"ஏன் தை அமாவாசை மட்டும்?"

"ஒவ்வொரு மாசமும் கடல் ஒவ்வொரு மாதிரி நிக்கும். ஒரே நாளு பாத்தாத்தான கணக்கு?"

நானும் வாசற்படியிலிருந்து நடந்து பார்த்தேன். இருபத்தேழு எட்டிலேயே தண்ணீர் காலில் பட்டது. திரும்பி வந்து, "இதையும் எழுதிக்கோம்மா" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

பாட்டி நோட்டை வாங்கி மூடிவிட்டார்.

"உன் காலு பெருசு தம்பி. இன்னைக்குத் தை அம்மாவாசையும் இல்ல. கலெக்டர் கையில குடுக்கணும்னு வச்சிருக்கேன், அதுல தப்பு கணக்கு இருக்கக் கூடாது."