இதுவா, அதுவா?

காய்ச்சல் என்று போனால் டாக்டர் நம்மை அதிகம் கேட்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்வார், நெஞ்சில் ஸ்டெத் வைப்பார், ரத்தத்துக்கு எழுதிக் கொடுப்பார். மீதியை லேப் சீட்டு சொல்லிவிடும். கண்ணாடி போடப் போனால் அப்படி முடிவதில்லை. கனத்த இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது நல்லா இருக்கா, அது நல்லா இருக்கா?" என்று நம்மிடமே கேட்கிறார்கள். நாம் சொல்கிற பதில்தான் சீட்டில் எண்ணாக ஏறுகிறது.

எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கண் என்றாலும் துணைக்குப் போகிற வேலை என்னிடம்தான் வரும். அப்படிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு ஓர் எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. நல்ல கண் ஆஸ்பத்திரி, மோசமான கண் ஆஸ்பத்திரி என்று ஊரில் பேசிக்கொள்வதில் பாதிக்கு மேல், இந்தக் கேள்வியை அவர்கள் எப்படிக் கேட்கிறார்கள், பதில் வரும்வரை பொறுக்கிறார்களா என்பதில் வந்து நிற்கிறது. மெஷின், ஏசி, பளிங்குத் தரை எல்லாம் அதற்குப் பிறகுதான் என்பது என் கட்சி.

ஏனென்றால் நம் ஜனங்களுக்கு இது பரீட்சை. பெரியம்மாவைக் கூட்டிப் போயிருந்தேன். முன்னால் இருந்தவர் வாய்விட்டுப் படித்த எழுத்துகளைப் பெஞ்சிலிருந்தே கேட்டு மனதில் வாங்கிக்கொண்டுவிட்டாள். முறை வந்ததும் மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை கடகடவென்று ஒப்பித்தாள். அட்டை படிக்க வைத்த பெண்ணுக்கு இது புதிதில்லை போலும். கோபப்படாமல் அட்டையைத் திருப்பிப் போட்டு, "இப்ப சொல்லுங்கம்மா" என்றாள். பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். தெரியாது என்று சொல்வது கேவலம் என்று எழுபது வயது வரை பழகியவள். தெரியாததைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறோம் என்பதை அவளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அந்த அட்டைக்கு மூலவர் ஹெர்மன் ஸ்நெல்லன் என்ற ஹாலந்து தேசத்துக் கண் மருத்துவர். 1862-இல் வெளியிட்டார். ஆறு மீட்டரில் நல்ல கண் படிக்கக்கூடிய வரியை நாமும் ஆறு மீட்டரில் படித்துவிட்டால் 6/6. அறுபது மீட்டரிலிருந்து படிக்க வேண்டிய மேல் எழுத்து மட்டுமே தெரிந்தால் 6/60. கடைத்தெருவில் ஆறு மீட்டர் நீள அறைக்கு எங்கே போவது? அதனால் எதிர்ச் சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, தலைக்குப் பின்னால் இருக்கும் அட்டையை அதில் பார்த்துப் படிக்க வைப்பார்கள். மூன்று மீட்டர் அறை ஆறாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மூன்று கால் நீட்டிய ஆங்கில 'ஈ' எழுத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பி அச்சிட்ட அட்டை உண்டு. கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். இதில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால், படித்தவர்களைவிடப் படிக்காதவர்கள் உண்மையான பதில் தருகிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. அண்ணாச்சி டாக்டர் இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர். பவர் போட்டுப் பார்த்தபின் சோதனைச் சட்டத்தோடேயே ஆளை வாசலுக்கு அனுப்புவார். "அந்தா திரும்புது பாருங்க, அந்த பஸ்ஸு போர்டைப் படிங்க. அப்படியே படியில இறங்கி ஏறி வாங்க." படி மேடாகத் தெரிகிறது, தரை சாய்கிறது என்றால் மறுபடி உட்கார வைப்பார். கிட்டப் பார்வைக்கு அவர் தினத்தந்தியை நீட்டுவது ஆண்களுக்குத்தான். பெண்களுக்கு ஊசியும் நூலும். சாளேஸ்வரம் வந்து அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று வருகிறவளுக்கு அச்செழுத்து எதற்கு என்பது அவர் நியாயம்.

அண்ணாச்சியைப் புகழ்ந்துகொண்டே போக முடியாது. பவர் தெரிந்தவருக்குக் கண்ணுக்குள் நடப்பது தெரியாது. கண் அழுத்த நோய் வலிக்காமல், சிவக்காமல், ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும். நடுப் பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் அட்டையில் எல்லா வரியும் படிக்கலாம். எங்கள் மாமா ஒருவர் சைக்கிளில் போகும்போது பக்கத்தில் வருகிறவர்கள்மேல் இடித்துக்கொண்டு, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மதுரை பெரியாஸ்பத்திரியில் யாரோ ஒரு சின்ன டாக்டர் அழுத்தம் பார்த்துச் சொன்னபோது, போன பார்வை போனதுதான் என்றாகிவிட்டது. சர்க்கரைக்காரர்களின் விழித்திரையும் இதே கதை. ஆரம்பத்தில் ஒரு தொந்தரவும் காட்டாது. பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒருமுறை சொட்டு போட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இப்போது அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் போட்ட ஷோரூம் இருக்கிறது. தாடையைத் தாங்கியில் வைத்தால் தூரத்தில் ஒரு சாலை, அதன் முடிவில் ஒரு பலூன் தெரியும். மங்கலாகி, தெளிவாகி, 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு துண்டுச் சீட்டு. அந்த மெஷின் கெட்டிக்கார மெஷின்தான். ஆனால் அது தருவது தொடக்கப் புள்ளி. அங்கிருந்து ஆளைக் கேட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். அங்கிருந்த பையன் சீட்டையே முடிவாக எடுத்துக்கொண்டு, கூடவே விலை கூடிய ப்ரோக்ரெஸிவ் கண்ணாடியையும் என் அண்ணன் தலையில் கட்டினான். தலை சுற்றுகிறது என்று திரும்பிப் போனால், "பழகிரும் சார்." கறுவிழிக்குக் கறுவிழி எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தார்களா, சட்டத்தை மூக்கில் மாட்டிவைத்து மையம் குறித்தார்களா என்றால், எதுவும் இல்லை. வில்லையின் மையமும் கண்ணின் மையமும் விலகி நின்றால் எத்தனை மாதம் போனாலும் பழகாது.

கேட்கிற கலையை ஒரு நிறுவனமே பழக்கிக்கொண்டதைப் பார்க்க மதுரை அண்ணா நகருக்குப் போக வேண்டும். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்றபின் 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அது. எட்டயபுரத்துப் பக்கம் அயன் வடமலாபுரத்துக்காரர். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு கத்தி பிடிக்கப் பழகி ஆயிரக்கணக்கில் புரை எடுத்தவர். பணம் கொடுக்கிறவர்கள் கொடுப்பதில் கொடுக்க முடியாதவர்களுக்கும் ஆபரேஷன் என்ற ஏற்பாட்டைப் பற்றி வெளிநாட்டுக் கல்லூரிகளில் பாடமே நடத்துகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அங்கே அட்டை படிக்க வைப்பது, சொட்டு விடுவது, அழுத்தம் பார்ப்பது, கையைப் பிடித்துக் கூட்டிப் போவது எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு வருஷம் அங்கேயே பயிற்சி கொடுத்து எடுக்கிறார்கள். டாக்டரின் நேரம் மிச்சமாகிறது என்று நிர்வாகக் கணக்கில் சொல்வார்கள். சரிதான். ஆனால் சீருடைப் புடவையில் இருக்கிற அந்தப் பெண், "பாட்டி, தாடைய நல்லா ஒட்டி வையுங்க, நெத்தியையும் முட்டுங்க" என்று சொந்தப் பேத்தியின் பாஷையில் சொல்லும்போது, பெரியம்மாவுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வருகிறது. இதற்கு எந்தக் கணக்கில் தலைப்பு போடுவது?

முகாம்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ முகாம் போட்டு, புரை முற்றியவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடியோடு ஊரில் கொண்டுவந்து விடுவார்கள். பத்துப் பைசா கிடையாது. இருந்தும், முகாம் நடந்த ஊர்களில் கண் கோளாறு இருந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் வந்தார்கள் என்று 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொன்னது. வராததற்குக் காரணங்கள்: மற்றச் செலவு, பயம், வீட்டில் ஆளில்லை. இந்த மூன்றாவதைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சொட்டு மருந்து போட்டுப் பாப்பா விரிந்தபின் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டப் பார்வை மங்கிவிடும், வெயில் கூசும். "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்பார்கள். யாரும் வராதவள் சொட்டு போட்ட கண்ணோடு எந்த பஸ் நம்பரைப் படிப்பாள்? பெரிய ஊர்களைவிட்டு வெளியே விஷன் சென்டர் என்று சின்னச் சின்ன இடங்களை அரவிந்த் திறந்தது இந்த வகையில் நல்ல காரியம். அங்கே பயிற்சி பெற்றவர் பார்ப்பார், பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் திரையில் வந்து பேசுவார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, மறுபடி மாட்டைக் கட்டுவதற்குள் வீடு போய்ச் சேரலாம்.

வயதானவர்களின் பயம் ஒன்றும் வெறும் பயமில்லை. என் பாட்டிக்குப் புரை எடுத்த காலத்தில் உள்ளே லென்ஸ் வைக்கிற வழக்கம் நம் பக்கம் பரவவில்லை. லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949-இலேயே வைத்துக் காட்டிவிட்டார். போர் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்து விழுந்த பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்தது. ஆனாலும் வெளிநாட்டு லென்ஸ் நூறு டாலருக்கு மேல் விற்றபோது நம் பாட்டிகளுக்கு எங்கே கிடைக்கும்? 1992-இல் அரவிந்தின் உற்பத்திப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே செய்ய ஆரம்பித்து விலையைச் சுமார் பத்து டாலருக்குக் கொண்டுவந்தபிறகுதான் ஏழைக்கும் அது கைக்கெட்டியது. அதற்கு முந்தியவர்களுக்கு சோடாப் புட்டிக் கண்ணாடிதான் கதி. அதில் எல்லாம் கால் பங்கு பெரிதாகி, பக்கத்தில் வந்ததுபோலத் தெரியும். பாட்டி தம்ளருக்கு முன்னாலேயே செம்பைச் சாய்த்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவாள். பார்வை வந்துவிட்டது என்று டாக்டர் கணக்கில் எழுதியிருப்பார். வீட்டில் அவளை அடுப்படிப் பக்கம் விடவில்லை.

கேட்காததால் வரும் வேதனை போலவே சொல்லாததால் வரும் வேதனையும் உண்டு. உதாரணம், பார்வைப் பரப்புச் சோதனை. கண் அழுத்தக்காரர்களுக்கு எடுப்பது. ஒரு கிண்ணத்துக்குள் தலையை வைத்து நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். மாமா வெளியே வரும்போது முகம் செத்துப்போயிருக்கும். "பாதி தெரியலடா. முடிஞ்சுபோச்சு." அந்த மெஷின், எவ்வளவு மங்கலான ஒளிவரை தெரிகிறது என்று கண்டுபிடிக்க, ஏறக்குறையப் பாதி மின்னல்களைத் தெரியாத அளவுக்கு மங்கலாகத்தான் காட்டும். நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். ஒரு தடவை ஒரு டெக்னீஷியன் தானாகவே சொன்னார். அதற்குப் பிறகு மாமா நிம்மதியாக உட்கார்ந்து, சந்தேகமானதற்கெல்லாம் பொத்தானை அமுக்குவதை விட்டார். சோதனையும் நம்பகமாக வந்தது.

இன்னொரு ரகம், நோயாளியின் கண்ணுக்குள் குனிந்தபடியே உதவியாளரிடம் இங்கிலீஷில் எண்களும் சொற்களும் சொல்லிக்கொண்டு போகிறவர்கள். தாடை தாங்கியில் இருக்க, கண் கூசிக் கண்ணீர் வழிய, காது மட்டும் வேலை செய்கிற நேரம் அது. குரல் தாழ்ந்ததைக் கேட்டே வீட்டுக்குப் போய் உயில் எழுதத் துணிந்தவர்களை எனக்குத் தெரியும். கூட்டம் அதிகம் என்பார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இலிருந்து கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்துக்கு நடுவில் ஒரு வார்த்தை தமிழில் சொல்லிவிட்டுப் போகிற டாக்டர்களை அரசு ஆஸ்பத்திரிகளில் நான் பார்த்திருக்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் சோபாவில் உட்கார வைத்துச் சொல்லாமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

'இதுவா, அதுவா' என்பதற்கு மூன்றாவதாக ஒரு பதிலும் உண்டு. 'ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.' இதைச் சொல்ல எல்லாருக்கும் கூச்சம். டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பார்கள். ஆனால் சில சோதனைகளில் அவர்கள் எதிர்பார்த்துக் காத்திருப்பதே அந்தப் பதிலைத்தான். இரண்டும் சமம் என்றால் பவர் பிடிபட்டுவிட்டது என்று பொருள். துணைக்குப் போகும்போது பஸ்ஸிலேயே நான் இதைச் சொல்லிக் கூட்டிப் போகிறேன்.

போன மாசி மாதம் அத்தைக்குப் புரை. கோயில் வாசலில் பூக் கட்டி விற்கிறாள். ஆபரேஷனுக்கு முன்னால் கவுன்சலிங் அறையில் லென்ஸ் விலைப்பட்டியலை நீட்டினார்கள். ஏழெட்டு ரகம், கடைசி வரியின் விலையில் ஒரு மாடு வாங்கலாம். அத்தை பட்டியலைப் பார்க்கவே இல்லை. "எதை வச்சா சரம் தெரியும்?" என்றாள். கவுன்சலிங் பெண் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, "எப்படிக் கட்டுவீங்க, செஞ்சு காட்டுங்க" என்றாள். அத்தை இல்லாத நாரை விரலில் சுற்றி, இல்லாத பூவை இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். கண்ணுக்கும் கைக்கும் நடுவே அந்தப் பெண் ஸ்கேலை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டாள். சாதாரண லென்ஸே போதும், பவரைக் கிட்டப் பார்வைக்குத் தோதாக வைத்துவிடலாம், தூரத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும், டாக்டரிடம் பேசிவிடுகிறேன் என்றாள்.

"தூரத்துல எனக்கு என்னம்மா இருக்கு, சாமியத் தவிர?" என்றாள் அத்தை. "அது பளிச்னு வெளக்குப் போட்டுத்தான் வச்சிருக்காங்க."