படம் விட்ட பிறகு

சினிமா தியேட்டருக்கு ஆட்சேபம் தெரிவிக்கத் தமிழ்நாட்டில் தனித் துணிச்சல் வேண்டும். “ஏன், நீங்க படமே பார்க்க மாட்டீங்களா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பார்ப்போம், முதல் நாளே பார்ப்போம். எங்கள் நகருக்குப் பின்னால் அரிசி ஆலை இருந்த மனையில் ஆறு திரை கொண்ட மல்டிபிளெக்ஸ் வரப்போகிறது என்றதும் குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் யாராவது ஒரு நடிகருக்கு ரசிகர்கள்தான்.

மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய தியேட்டர் ஒன்றும் புதிதல்ல. 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டரில் 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமை பேசியது. எங்களிடம் வரப்போவதில் ஆயிரத்துச் சொச்சம் இருக்கைதான். அப்புறம் என்ன பயம் என்று கேட்கலாம். அன்றைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நடந்தும் சைக்கிள் மிதித்தும் டவுன் பஸ் பிடித்தும் வந்தவர்கள். இரண்டாம் ஆட்டம் விட்டால் சிறிது நேரம் தெருவில் கதை பேசும் சத்தம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். 

இப்போது கணக்கு வேறு. ஆயிரம் பேரில் பாதிப் பேர் காரில் வருகிறார்கள், காருக்கு நாலு பேர் என்று வைத்துக்கொண்டால்கூட 125 கார். ஒரு கார் நிற்க 5 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். திரும்புவதற்கான வழியை விட்டுவிட்டே 1,500 சதுர மீட்டருக்கு மேல் போகிறது. அந்தக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசலில் காத்து நின்றால் அரை கிலோமீட்டரைத் தாண்டும். எங்கள் தெருவின் அகலம் முப்பது அடி, அதிலும் ஒரு ஓரத்தில் இஸ்திரி வண்டி. ஆறு திரைக்கும் ஆறு நேரம் வைப்பார்கள் என்பதால் ஒரு கூட்டம் கலையும்போதே அடுத்தது வந்து சேரும். பழைய தியேட்டரில் கூட்டத்துக்கு நடுவே இரண்டரை மணி நேரம் தெரு தெருவாக இருந்தது. இதில் அந்த இடைவேளையே கிடையாது.

கம்பெனி சார்பில் வந்த இளம் பொறியாளர் ஒரு மாதிரி வடிவம் கொண்டுவந்திருந்தார். பச்சைப் பஞ்சில் மரங்கள், பிளாஸ்டிக் கார்கள், கண்ணாடி முகப்பு எல்லாம் இருந்தன. எதிர்ச்சாரியில் இருக்கும் எங்கள் வீடுகள் மட்டும் இல்லை. அங்கே வெறும் சாம்பல் நிற அட்டை. சத்தம் வெளியே வராத சுவர், எத்தனையோ ஸ்பீக்கர் என்று அவர் விளக்கிக்கொண்டே போனார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்தார்.

“தம்பி, இடைவேளையில அத்தனை பேரும் ஒண்ணுக்குப் போவாகளே, அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்?”

சிரிப்பு அடங்கிய பிறகும் பதில் வரவில்லை. பாதாளச் சாக்கடை இன்னும் வராத பகுதி எங்களுடையது. என்னைக் கேட்டால், அன்றைய கூட்டத்தின் மிக நல்ல கேள்வி அதுதான்.

பையன்கள் கெட்டுப்போவார்கள் என்றும் ஒருவர் பேசினார். கையில் செல்போன் இருக்கும் காலத்தில் கெட்டுப்போக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. அதை மனுவில் சேர்க்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். தையல் கடை வைத்திருக்கும் அக்கா சொன்னதை மட்டும் தள்ள முடியவில்லை. “ராத்திரி கடையைப் பூட்டிட்டு வர்றப்ப நாலு பேர் நடமாட்டமும் வெளிச்சமும் இருந்தா எனக்கு நல்லதுதானே சார்?” என்றார். நியாயம்தான்.

பயத்துக்கும் காரணம் இருக்கிறது. டெல்லி கிரீன் பார்க்கில், வீடுகள் நிறைந்த பகுதியில்தான் உப்ஹார் தியேட்டர் இருந்தது. 1997 ஜூன் 13 அன்று கீழ்த்தளத்து டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ அங்கே நின்ற கார்களுக்குப் பரவியது. புகை மேலே பால்கனிக்கு ஏறியது. கூடுதல் இருக்கை போட்டு வழியை அடைத்திருந்தார்கள். 59 பேர் இறந்தார்கள். கார் நிறுத்தும் இடம் உயிர்ப் பிரச்சினை என்று அதற்குப் பிறகும் யாருக்காவது விளக்க வேண்டுமா?

அடுத்தது முதல் நாள் கூத்து. 2023 பொங்கலுக்குத் ‘துணிவு’ நள்ளிரவு ஒரு மணிக்கும் ‘வாரிசு’ விடிகாலை நான்கு மணிக்கும் திரையிடப்பட்டன. சென்னையில் ஒரு தியேட்டர் முன்னால் லாரி மீது ஏறி ஆடிய இளைஞர் விழுந்து இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் ‘லியோ’ வந்தபோது, முதல் காட்சி காலை 9 மணிக்கு, கடைசிக் காட்சி இரவு 1.30-க்குள் முடிய வேண்டும் என்று அரசு வரையறுத்தது. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். தியேட்டரின் சுவர் உள்ளே ஓடும் படத்தின் சத்தத்தைத் தடுக்கும். வாசலில் வெடிக்கும் சரவெடியை எந்தச் சுவர் தடுக்கும்?

எங்கள் மனுவில் தியேட்டர் வேண்டாம் என்று ஒரு வரிகூட இல்லை. வாகனம் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் மனையை ஒட்டிய பைபாஸ் சாலைப் பக்கமே இருக்க வேண்டும். தெருப் பக்கம் ஆள் நடக்க ஒரு சின்ன கேட் போதும். கழிவுநீரை மனைக்குள்ளேயே சுத்திகரிக்க வேண்டும். ஜெனரேட்டரை வீடுகள் இல்லாத பக்கம் வைக்க வேண்டும். சிறப்புக் காட்சி எதுவானாலும் விடிந்த பிறகுதான். தையல் அக்காவுக்காகத் தெருவிளக்கும் கேட்டிருக்கிறோம்.

தியேட்டருக்கு உரிமம் தருவது மாவட்ட ஆட்சியர். சென்னையில் போலீஸ் கமிஷனர். பொதுமக்கள் நலனையும் இடம் பொருத்தமானதா என்பதையும் அவர்கள் பார்த்தாக வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டம். கட்டடம் எழும்பிய பிறகு கேட்டை இடம் மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு மனைக்குத் தகர வேலி போட்டிருந்தால், வானம் தோண்டுவதற்கு முன்பே வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முதலில் வாசல் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.