கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு யார் கூலி கொடுப்பது?

தோழர்களே, இன்றைக்கு என் பிழைப்பு சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். லினக்ஸ் கெர்னல், அதிலும் இன்டரப்ட் என்ற ஒரு மூலை. சலிப்பாக இருக்கும் என்று ஓடிவிடாதீர்கள், கூலிப் பேச்சும் வருகிறது.

நீங்கள் கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டுகிறீர்கள். கீபோர்டு பிராசஸரைக் கூப்பிடுகிறது. அது செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு என்னவென்று பார்க்க வருகிறது. இந்தக் கூப்பாடுதான் இன்டரப்ட். நெட்வொர்க் கார்டு, டிஸ்க், டைமர் எல்லாம் இப்படித்தான் நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன.

கூப்பிடுவதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. கதவைத் திறக்கும்வரை காலிங்பெல்லில் வைத்த விரலை எடுக்காத ஆள் ஒரு வகை. இதற்கு லெவல் என்று பெயர். ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிற்கும் ஆள் இன்னொரு வகை, எட்ஜ். முதல் ஆளை, அவர் கேட்டதைக் கொடுத்து விரலை எடுக்கவைத்த பிறகுதான் மறுபடி பெல்லைக் காதில் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அதே கூப்பாடு திரும்பத் திரும்ப விழுந்து மெஷின் திணறிப்போகும். இரண்டாவது ஆளின் தட்டலை, நாம் வேறு வேலையில் இருந்தாலும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். தவறவிட்டால் போனது போனதுதான்.

வெகுகாலம் லினக்ஸ் எல்லா வகையையும் ஒரே பெரிய ஃபங்ஷனை வைத்துச் சமாளித்தது. கெர்னல் ஆவணமே அதை 'சூப்பர் ஹேண்ட்லர்' என்கிறது. பிசி உலகத்துக்கு அது போதும். போர்டுக்கு ஒரு விதமாக இன்டரப்ட் கன்ட்ரோலர் இருக்கும் ஏஆர்எம் உலகத்துக்குப் போதவில்லை. அங்கே ரஸ்ஸல் கிங் வகைகளைப் பிரித்து எழுதினார். அந்த யோசனையை எடுத்து, எல்லா பிராசஸர்களுக்கும் பொதுவாகத் தாமஸ் க்ளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் திருப்பிக் கட்டினார்கள். 2006இல் 2.6.18 பதிப்பில் அது வந்தது. கூப்பாடு எந்த வகை, அதை எந்த வரிசையில் கவனிப்பது என்பது ஒரு பக்கம். சிப்பை எப்படி வாயடைப்பது, எப்படித் திறப்பது என்பது மறுபக்கம். புது சிப்புக்கு எழுதுகிறவர் சில சின்ன ஃபங்ஷன்கள் எழுதினால் போதும். பழைய பெரிய ஃபங்ஷன் 2011இல்தான் ஒரேயடியாக ஒழிந்தது.

இதில் எனக்கென்ன அக்கறை? நான் முதலில் வேலை பார்த்த சிறு நிறுவனம் பொட்டலம் போடும் மெஷினுக்கு போர்டு செய்தது. பொட்டலம் கடக்கும்போது சென்சார் ஒரு தட்டுத் தட்டும், எண்ணிக்கை ஒன்று ஏறும். போர்டு விற்றவர்கள் அந்த லைனை லெவல் என்று பதிந்து கொடுத்திருந்தார்கள். நெட்வொர்க் வேலை கூடும்போது, பிராசஸர் திரும்பிப் பார்ப்பதற்குள் தட்டல் முடிந்துபோகும். எண்ணிக்கை குறையும். குறைந்த ஷிஃப்டில் எல்லாம் அந்த மெஷினில் நின்ற பெண்களிடம்தான் கேள்வி: பொட்டலம் எங்கே போச்சு? மெஷின் பொய் சொல்லாது என்று நம்பினார்கள். மனுஷிதான் பொய் சொல்வாளாம்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. திருத்தம் ஒரே வரி. மேனேஜர் அதற்கு முன்பே, "ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, விடுங்க" என்று இரண்டு முறை சொல்லியிருந்தார். வருடக் கடைசி மதிப்பீட்டில் அந்த மூன்று வாரம் 'பராமரிப்பு' என்ற தலைப்பில் போனது. அந்தத் தலைப்புக்கு மதிப்பெண் கிடையாது.

அதனால்தான் க்ளைக்ஸ்னரின் அடுத்தடுத்த வேலையை நான் வேறு கண்ணோடு படித்தேன். 2009இல் 2.6.30 பதிப்பில், அவசரமான துளியை மட்டும் உடனே முடித்துவிட்டு மிச்சத்தைத் தனித் திரெட்டில் ஓடவிடும் வழி வந்தது. திரெட் என்றால் அதற்கு முன்னுரிமை கொடுக்கலாம், காக்கவும் வைக்கலாம். 2010இல், ஓர் இன்டரப்டைக் கவனிக்கும்போதே இன்னொன்று மேலே ஏறி ஸ்டாக் நிரம்பிவிடும் ஆபத்தை ஒழித்தார்கள். 2011இல் பெரும் சுத்திகரிப்பு. கெர்னலின் உள்விவரங்களில் கண்ட டிரைவரும் கை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அப்படித் துழாவப்பட்ட ஒரு புலத்துக்கு மனிதர் வைத்த பெயர் 'கோர் இன்டர்னல் ஸ்டேட், டூ நாட் மெஸ் வித் இட்'. கை வைக்காதே என்பதையே பெயராக வைத்துவிட்டார்! அது இன்றும் அப்படியே இருக்கிறது.

இந்தத் திரெட் வழியெல்லாம் எங்கிருந்து வந்தது? சொன்ன நேரத்துக்குள் பதில் தரும் ரியல்டைம் லினக்ஸுக்காக 2004 வாக்கில் தொடங்கிய பேட்ச் தொகுப்பிலிருந்து. அதைத் தொழிற்சாலை மெஷினில் போட்டு விற்றவர்கள் உண்டு, ஆடியோ கருவியில் போட்டு விற்றவர்கள் உண்டு. ஆனால் 2014இல் க்ளைக்ஸ்னர் வெளிப்படையாகவே சொன்னார்: பணம் இல்லை, இனி இது பொழுதுபோக்கு வேலைதான் என்று. 2015இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஒரு திட்டமாக எடுத்துக்கொண்ட பிறகுதான் மூச்சு வந்தது.

ஓப்பன் சோர்ஸ் என்றாலே தன்னார்வம்தானே, இதில் கூலி எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தப்பான கேள்வி. கெர்னலுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நிறுவனச் சம்பளக்காரர்கள். தன் சிப்புக்கு டிரைவர் எழுத நிறுவனம் சம்பளம் கொடுக்கும். நூறு பேரின் டிரைவருக்குள் புகுந்து பொதுப் பாதையைச் சரிசெய்ய எவனும் தனியாகக் கொடுக்க மாட்டான், ஏனென்றால் பலன் போட்டிக்காரனுக்கும் போகிறது. பொதுக் கிணற்றைத் தூர்வாருவது யார் என்ற அதே பழைய சண்டை.

2024 செப்டம்பரில், வியன்னாவில், கடைசித் தொகுப்பைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தைக் காகிதத்தில் அச்சிட்டு லினஸ் டோர்வால்ட்ஸ் கையில் கொடுத்தார் க்ளைக்ஸ்னர். நவம்பரில் 6.12 பதிப்போடு அது வெளிவந்தது. இருபது வருடம்!

நான் இப்போது வேலைக்குக் கொடுக்கும் மதிப்பீட்டில், பழைய கோடைச் சரிசெய்யும் மணிநேரத்தைத் தனி வரியாக, கூலியோடு எழுதுகிறேன். சிலர் அந்த வரியை அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். நானும் மறுபடி எழுதி அனுப்புகிறேன்.